பெயர்த்துக் கொண்டுவந்த அறை

திங்கட்கிழமை அளந்து அறுத்த பரண் பலகை, வியாழக்கிழமை உள்ளே போகமாட்டேன் என்று அடம் பிடித்தது. மூன்று அங்குலம் நீளம் அதிகம். முனிவேல் அதைச் சாய்த்துப் பார்த்தான், முனை மாற்றிப் பார்த்தான், எரிச்சலில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டியும் பார்த்தான். ம்ஹூம். நாலு நாள் தூறலில் மரம் ஊதியிருக்குமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தான். மரம் குறுக்கே ஊதும், நீளவாக்கில் எங்கே ஊதும்? அது தெரியாத ஆளில்லை அவன். டேப்பை எடுத்துப் பலகையை அளந்தால் பதினொன்றே முக்கால் அடி, சீட்டில் குறித்து வைத்த அளவேதான். அறையை அளந்தால் பதினொன்றரை.

"பெருமாளண்ணே, பூச்சக் கனமா அடிச்சிட்டீங்களா?"

கொத்தனார் பெருமாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். உள்ளே கால் வைக்கவில்லை. "மூணு அங்குலமா? நான் காரையப் பூசுனனா, களியக் கிண்டி அப்புனனா? டேப்பு நாக்கு வளைஞ்சிருக்கும், பாரு."

டேப் நாக்கு நேராகத்தான் இருந்தது. முனிவேல் வெளியே போய், ஈரப் புல்லில் செருப்பு வழுக்க வழுக்கச் சுவரைச் சுற்றி அளந்தான். வெளியே ஒரு நூல்கூட நகரவில்லை. சரி, திங்கட்கிழமை நம் கண்தான் பொட்டையாகிப் போயிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு மூன்று அங்குலத்தை அறுத்தான். பலகை சிக்கென்று உட்கார்ந்தது. அறுத்த துண்டை எறியவில்லை. முளை செதுக்க ஆகும் என்று எண் எழுதி எடுத்து வைத்தான். அந்த வேலையில் அதுதான் சட்டம்.

சூளகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில், ரோட்டை விட்டு ஒரு கிலோமீட்டர் உள்ளே இருந்தது அந்த வெள்ளைக்காரன் காலத்துக் கல் பங்களா. பாதிக் கூரை போய், பின்கட்டு முழுக்கச் சரிந்து, மழைக்கு ஆடுகள் ஒதுங்குகிற நிலைமையில் கிடந்ததை ஃபேக்டரி முதலாளி ஒருவர் வாங்கி, வெளியூர் விருந்தாளிகள் தங்குகிற இடமாக மாற்றக் கிளம்பினார். அதற்கு மோகன்குமார் என்று ஓர் ஆர்க்கிடெக்ட் பெங்களூரிலிருந்து வந்தார். நல்ல மனுஷர், குரலை உயர்த்தவே மாட்டார், ஆனால் பிடித்தால் உடும்புப் பிடிதான்.

"பழைய பில்டிங்கைப் புதுச் சாமான் போட்டு ரிப்பேர் பண்ணா அது பழைய பில்டிங்கே இல்ல, முனிவேல். ஒண்ணும் புதுசா வாங்கவேணாம். இங்கேர்ந்து ஒரு கல்லுகூட குப்பைக்குப் போகவேணாம். எல்லாம் சுத்திச் சுத்தி மறுபடி இங்கேயே உபயோகம் ஆகணும்" என்றார்.

அவர் சொன்னதில் பாதிதான் முனிவேலுக்குப் புரிந்தது. புரிந்த பாதி அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. உதிர்ந்த காரையைச் சலித்துப் புதுக் காரையில் கலந்தார்கள். உடைந்த ஓடுகளை இடித்துப் பொடியாக்கி, சுண்ணாம்பில் குழைத்துத் தரைக்குப் போட்டார்கள். இல்லாத கதவு, ஜன்னலுக்கு இடிபடுகிற வீடுகளைத் தேடிப் போனார்கள். கிருஷ்ணகிரி ரோட்டை நாலு வழியாக்கிக் கொண்டிருந்த சமயம் அது, இடிபடுகிற வீட்டுக்கா பஞ்சம்?

முனிவேல் நாகரசம்பட்டிக்காரன். ஓசூரில் எட்டு வருஷம் கான்ட்ராக்டில் லேத் ஓட்டி, ஷிப்டைக் குறைத்தபோது வெளியே தள்ளப்பட்டவன். கண்ணாலேயே அரை மில்லி சொல்லுவான். பழைய சுவரைப் பிரிக்கும்போது ஒவ்வொரு கல்லுக்கும் வெள்ளைப் பெயின்டில் எண் போட்டு, கொண்டுவந்த இடத்தில் அதே வரிசையில் நிறுத்துவது அவன் பொறுப்பு. அதில் அவனுக்குப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. பெண்டாட்டி ரேவதியும் அங்கேயே பழைய செங்கல்லில் ஒட்டிய காரையைக் கொத்தி எடுப்பாள், சுண்ணாம்புத் தரையைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், குழந்தை இல்லை. காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு தகரக் கொட்டகை. அவனுக்கு அவள், அவளுக்கு அவன், குடும்பம் என்றால் அவ்வளவுதான். ராத்திரி அவள் புரண்டு படுத்தால்கூட முழித்துக்கொள்கிற ஆள் அவன்.

பலகை அடம் பிடித்த அந்தப் பின் அறை மேலுமலைப் பக்கம், ரோட்டோரத்தில் இருந்த வெங்கடம்மாள் வீட்டிலிருந்து வந்தது. கதவு மட்டுமில்லை. நிலை, உத்தரம், பின்சுவர்க் கல் எல்லாம் சேர்த்து. ஜன்னல் இல்லாத பழைய தானிய அறை. மோகன்குமார் அதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து படம் வரைந்தார். பங்களாவின் சரிந்த பின்கட்டில் இதை அப்படியே தூக்கி வைத்துவிடலாம் என்றார். முனிவேல் கதவைப் பார்த்தான். இரண்டு கதவுக்கும் குறுக்கே இலந்தை முள் வைத்து, மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது.

அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகாத நட்சத்திரத்தில் ஆள் போனால் அந்த அறையை ஆறு மாசம் அடைத்து வைப்பது அவன் ஊரிலும் உண்டு. போனவர் திரும்பிவர வழி தேடிக்கொண்டிருப்பார், அதுவரை கதவு திறக்கக்கூடாது. போனவர் வெங்கடப்பன், வெங்கடம்மாளின் புருஷன்.

"இன்னும் நாப்பது நாளு இருக்குது நாயனா" என்றாள் வெங்கடம்மாள். தெலுங்கு வீடு, தமிழை இழுத்து இழுத்துப் பேசுவாள். "ரோடு போடறவங்ககிட்ட சொன்னா சிரிக்கிறாங்க. வர்ற வாரம் பொக்லைன் வருதாம்."

"நாங்க இடிக்க மாட்டமுங்கம்மா. அப்படியே எடுத்துட்டுப் போயி நிறுத்துறோம். செவுரு எழும்பி மேல மூடுனதும் நானே கதவைச் சாத்தி முள்ளு கட்டிடறேன். நாப்பது நாளைக்கு ஒருத்தரும் உள்ள போவமாட்டாங்க."

அவள் அவன் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பொய் சொல்ல வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. சொன்னபடியே செய்யவும் செய்தான். கூரை மூடிய அன்றே கதவைச் சாத்தி, தேடிப் போய் இலந்தை முள் வெட்டிவந்து கட்டினான். ஒன்பது நாள் கட்டியபடியே இருந்தது. பத்தாம் நாள் மோகன்குமார் வந்து, ஆயுத பூஜைக்கு முதலாளி குடும்பத்தோடு வருகிறார், அதற்குள் தரை முடிய வேண்டும் என்றார். முனிவேல் மென்று முழுங்கி விஷயத்தைச் சொன்னான்.

"எல்லாத்தையும் அளந்து பார்க்கிற ஆள் நீங்க. நீங்களுமா?" என்று அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. அதட்டியிருந்தால் முடியாது என்று முறைத்திருப்பான், அந்தச் சிரிப்பில்தான் மனுஷன் கூசிப்போனான்.

முள்ளை எடுத்துவிட்டான். எடுத்த பிறகு மனசு அடித்துக்கொண்டது. அதற்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான், அங்கேதான் கெட்டது. புது வீட்டுக்குள் சுமங்கலி விளக்கோடு முதலில் போவதில்லையா? அதே மாதிரி செய்தால் எந்தத் தோஷமும் ஓடிப்போகும் என்று நினைத்தான். ரேவதியைத் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்லி, கையில் ஏற்றிய அகல்விளக்கைக் கொடுத்து, வலது காலை எடுத்து வைக்கச் சொன்னான். அவளும் சிரித்துக்கொண்டே போனாள். நடுத்தரையில் விளக்கை வைத்துக் கும்பிட்டாள். அது திங்கட்கிழமை, பலகைக்கு அளவெடுத்ததும் அன்றைக்குத்தான்.

வியாழக்கிழமை சாயந்தரம் கூழாங்கல் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. தரை காய்வதற்குள் தேய்த்தால்தான் பளபளப்பு ஏறும், நிறுத்தாமல் தேய்க்கிற வேலை. சரக், சரக், சரக் என்று ஒரே தாளத்தில் அறைக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தத்தை முனிவேல் வெளியே நிலைகளுக்கு எண்ணெய் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தான். முன்னெல்லாம் அந்த அறையில் தேய்த்தால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும். இப்போது திரும்பவில்லை. அரிசி மூட்டைகள் அடுக்கிய இடத்தில் பேசுவது மாதிரி அமுங்கிக் கேட்டது. கூடவே ஒரு வாசனை. மூடி வைத்த கம்பு தானியத்தின் புழுங்கல் வாசனை, அதற்கு அடியில் மஞ்சள் தண்ணீர், அதற்கும் அடியில் நாள்பட்ட நோயாளியின் விரிப்பு. அவன் எண்ணெய்த் துணியைப் போட்டுவிட்டு உள்ளே போனான்.

தரை கண்ணாடி மாதிரி மின்னியது. நடுவில் மட்டும் ஆறடி நீளத்துக்கு, இரண்டரை அடி அகலத்துக்கு, மெருகே படாமல் சொரசொரவென்று ஒரு துண்டு. ரேவதி அதைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க ஏன் வுட்டுட்ட?"

"எங்க?"

"அதோ, நடுவுல."

அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள், ஏதோ அவன்தான் விளங்காமல் பேசுகிறான் என்பது மாதிரி. "கட்டில எடுத்துப் போட்டீங்கன்னா தேய்ச்சிடுவேன்" என்றாள். அறையில் கட்டில் இல்லை. அந்த பங்களாவிலேயே கட்டில் இல்லை.

அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, கொட்டகையில் உட்காரவைத்து, சோறு போட்டுக் கொடுத்தான். நன்றாகத்தான் சாப்பிட்டாள். குழம்பில் உப்பு கம்மி என்றுகூடக் குறை சொன்னாள். கட்டிலைப் பற்றிக் கேட்டபோது, "என்ன கட்டிலு? தூக்கக் கலக்கத்துல பேசறீங்களா மாமா?" என்று சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பரண் பலகை வில்லாக வளைந்திருந்தது. டேப் போட்டான். பத்தே முக்கால். இந்தப் பக்கம் அகலம் பத்திலிருந்து ஒன்பதேகாலுக்கு வந்திருந்தது. வெளியே அதே அளவு. வெங்கடம்மாள் வீட்டில் பிரிக்கும்போது எழுதிய பழைய சீட்டைத் தேடி எடுத்தான். அங்கே அந்த அறை ஒன்பதுக்கு எட்டு. பங்களாவில் இடம் பெரிதாக இருந்ததால் நாலு பக்கமும் சுவரை பங்களாக் கல்லால் நீட்டியிருந்தார்கள். அந்த நீட்டல்தான் குறைந்துகொண்டே வந்தது. அறை தன் பழைய அளவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"ஒன்பதோட நிக்குமா?" என்று பெருமாளிடம் கேட்டான்.

பெருமாள் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "ரேவதியக் கொண்டுபோயி உன் மச்சான் வீட்டுல வுட்டுட்டு வா. மொதல்ல அதச் செய்."

அவனும் அதையே நினைத்திருந்தான். கிருஷ்ணகிரியில் அவள் அண்ணன் வீடு. துணிப்பை கட்டி, கேட் வரைக்கும் வந்துவிட்டார்கள். கேட்டில் கை வைத்தவள் நின்றாள். "வெளக்கு எரிஞ்சிட்டிருக்குது மாமா. பார்த்துட்டு வந்துடறேன்." வேண்டாம் என்று சொல்வதற்குள் நடந்துவிட்டாள். பையைக் கீழே வைத்துவிட்டு அவன் பின்னால் ஓடினான். பத்துத் தப்படிதான் பின்தங்கியிருப்பான். அதற்குள் அவள் சுவரோரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நெருக்கடியான பஸ்ஸில் உட்கார்வது மாதிரி உடம்பைக் குறுக்கிக்கொண்டு. அகல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமைக்கு அப்புறம் அதில் அவன் எண்ணெய் ஊற்றவில்லை.

"ரேவதி."

"உஸ்ஸ்." உதட்டில் விரல் வைத்தாள். "இப்பத்தான் கண்ணு அசந்தாரு. மெதுவாப் பேசுங்க."

முனிவேல் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். அவன் தூக்கிப் பழகிய உடம்பு, அன்றைக்குக் கனத்தது. வாசல் தாண்டியதும் அவள் திமிறி இறங்கி, "என்னாத்துக்கு இப்படித் தூக்கறீங்க, பெருமாளண்ணன் பார்க்குறாரு" என்று வெட்கப்பட்டாள். சொன்னது எதுவும் அவளுக்கு நினைவில்லை. மறுபடி கேட் வரைக்கும் நடத்தினான். மறுபடி திரும்பினாள். மூன்றாவது தடவை அவளைக் கட்டி இழுத்தபோது அவள் அழுத அழுகை கேட்கச் சகிக்கவில்லை, யாரையோ சாகவிட்டுப் போகிறவள் அழுகிற அழுகை. அவன் விட்டுவிட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் பின் அறைக் கதவுக்கு வெளியே பெரிய பூட்டாகப் போட்டு, சாவியை டவுசர் பையில் வைத்துக்கொண்டான். ரேவதி முற்றத்தில் செங்கல் கொத்தட்டும், பெருமாள் பக்கத்திலேயே இருக்கட்டும், கண்ணை எடுக்கக்கூடாது என்று ஏற்பாடு. தன் செல்போனை அவள் கையில் கொடுத்துவிட்டு ஜூஜுவாடிக்குப் பஸ் ஏறினான். வெங்கடம்மாள் அங்கே மகள் வீட்டில் இருந்தாள்.

செக்போஸ்டில் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அதற்குப் பின்னால் ஒற்றை அறை லைன் வீட்டில் வெங்கடம்மாள் பாயில் உட்கார்ந்திருந்தாள். முள்ளை எடுத்துவிட்டதை அவன் தலை குனிந்து சொன்னான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யாரு மொதல்ல உள்ள போனது?"

"என் சம்சாரம். வெளக்கு எடுத்துட்டு."

"வெறுங்கையோட போயிருந்தா பரவால்ல நாயனா" என்றாள் அவள். "ஆறு மாசமா கண்ணத் தொறந்து வெளக்குத் தேடிட்டுக் கெடக்கறாரு அந்த மனுசன். ஏத்தி வெச்ச கைய வுடுவாரா?"

"நான் என்னம்மா பண்ணட்டும்? சொல்லுங்க, எது சொன்னாலும் செய்யறேன்."

"எனக்கென்ன தெரியும்? முள்ளக் கட்டு. மொதல்லேர்ந்து ஆறு மாசம் கட்டி வையி. அவள உள்ள வுடாத." அப்புறம் ஏதோ நினைவு வந்தவளாக அவன் கையைப் பிடித்தாள். "பின்செவுத்துல செங்கல் வெச்ச எடம் ஒண்ணு இருக்குது இல்ல? அதையும் கொண்டுபோனீங்களா?"

கொண்டுபோயிருந்தான். கல் சுவரின் நடுவே இரண்டடி அகலத்தில் செங்கல் அடைப்பு. ஒரு செங்கல் விடாமல் எண் போட்டு, அதே இடத்தில் அதே வரிசையில் வைத்திருந்தான். பழைய ஜன்னலை அடைத்திருப்பார்கள் என்று நினைத்தான்.

"அதான் அவரு போன வழி. வாசப்படி வழியா எடுத்தா திரும்பி வந்துடுவாருன்னு செவுத்த ஒடச்சு, கால் முன்னால வெச்சு அந்த வழியா எடுத்தாங்க. அது உசுரோட இருக்கறவங்க போற வழியில்ல நாயனா. அதத் தொடாத."

ஜூஜுவாடி பஸ் ஸ்டாப் பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போன் இருந்தது. தன் நம்பருக்கே அடித்தான். வெகுநேரம் மணி அடித்து ரேவதி எடுத்தாள்.

"எங்க இருக்கற?"

"உள்ளதான்." போர்வைக்குள்ளிருந்து பேசுகிற குரல்.

"எந்த உள்ள? பூட்டு போட்டிருக்கனே!"

"என்ன பூட்டு? எப்ப வருவீங்க மாமா? எடமே பத்தல. கால நீட்ட முடியல எனக்கு." நெஞ்சுக்கூடு நெரிபட மூச்சு விடுகிற சத்தம். கூடவே, அவளுக்கு மிகப் பக்கத்தில், இன்னொரு மூச்சு. நீளமாக, கபத்தோடு. லைன் கட்டாகிவிட்டது.

ஓசூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஒரு பஸ், இறங்கி ஒரு கிலோமீட்டர் ஓட்டம். வழியெல்லாம் அவன் கண்ணில் டேப்தான் தெரிந்தது. ஒன்பதுக்கு எட்டு. அதோடு நின்றுவிட்டால் போதும், ஒன்பதுக்கு எட்டில் ஓர் ஆள் உயிரோடு இருக்கலாம். ஓடி வந்தபோது பொழுது சாய்ந்து தூறல் பிடித்திருந்தது. கரண்ட் இல்லை. பங்களா கறுத்து நின்றது.

பெருமாள் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது முனிவேல் பார்த்ததில்லை.

"நான் கண்ணையே எடுக்கலடா. இங்கதான் கொத்திட்டிருந்தா. பீடிக்கு நெருப்பு பத்தவெச்சேன், அவ்வளவுதான். நிமிந்தா காணோம்."

பூட்டு போட்டபடி தொங்கியது. திறந்தான். தள்ளினான். கதவு நாலு விரல் உள்ளே போய் நின்றது.

"மாமா, தள்ளாதீங்க. கட்டிலு இடிக்குது."

பெருமாளிடமிருந்து டார்ச்சை வாங்கி இடுக்கில் பிடித்தான். ஒரு கட்டில் கால். தேய்ந்து வழவழத்த பழைய கயிற்றுக் கட்டில். அதன் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ரேவதியின் பச்சைப் புடவை நசுங்கித் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் உடனே சுவர். கையெட்டுகிற தூரத்தில் சுவர். மேலே பரண் பலகை படாரென்று முறிந்தது. அவன் இடுக்கில் கையை நுழைத்து அவள் தோளைத் தொட்டான், சூடாக இருந்தது, உயிரோடு இருந்தது. அவள் அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். கதவு மெதுவாக அவன் கையை வெளியே தள்ளி மூடியது. அவள் மூடவில்லை. அவள் இரண்டு கையும் அவன் விரலில்தான் இருந்தன.

தோளால் இடித்தான். பெருமாளும் இடித்தார். பாறையை இடிப்பது மாதிரி இருந்தது. உள்ளே அவள் கத்த ஆரம்பித்தாள்.

"மாமா, மூச்சு முட்டுது. மாமா!"

கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெளியே சுற்றி ஓடினான். பக்கச் சுவர் இரண்டடி கனக் கல். பின்சுவரும் கல். கூரை சுண்ணாம்புத் தளம், அதை உடைக்க அரை நாள் ஆகும். அவளுக்கு அரை நாள் இல்லை. அரை மணிகூட இல்லை. உடையக்கூடிய இடம் அந்தச் சுவரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஈரச் செங்கல்லில் அவன் கையெழுத்து. வெள்ளைப் பெயின்ட். ஒன்று, இரண்டு, மூன்று.

"அங்க வேணான்டா!" பெருமாள் அவன் கையைப் பிடித்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை, இருந்தும் தெரிந்திருந்தது. "அந்த எடத்துல வேணாம்."

"வேற எங்கண்ணே? நீ சொல்லு, வேற எங்க ஒடைக்கட்டும்?"

பெருமாள் கையை விட்டார்.

முதல் குத்தில் காரை உதிர்ந்தது. இரண்டாம் குத்தில் ஒரு செங்கல் உள்ளே சரிந்தது. உள்ளிருந்து மஞ்சளும் கம்பும் கலந்த வெக்கை அவன் முகத்தில் அடித்தது.

"வெளிச்சம் தெரியுது மாமா!" சந்தோஷம். அவள் குரலில் சந்தோஷம்.

"தோ, தோ ஆச்சு. கைய நீட்டு ரேவதி. இப்படிக் கைய நீட்டு."

"நீட்ட முடியல. படுக்க வெக்கிறாங்க."

"யாரு?"

"நெறையப் பேரு இருக்காங்க மாமா."

கடப்பாரையைப் போட்டான். கையால் பிடுங்கினான். நகம் பெயர்ந்தது. நாலாம் செங்கல். ஏழாம் செங்கல். உள்ளே பாதங்கள் உரசும் சத்தம். பல பாதங்கள். யாரோ மெதுவாக, மரியாதையாக, தெலுங்கில் ஏதோ சொன்னார்கள்.

"திருப்பறாங்க. என்னத் திருப்பறாங்க மாமா..."

"ரேவதி, தலை இந்தப் பக்கம்! தலைய இந்தப் பக்கம் வையி!"

கடைசிச் செங்கல் அவன் கையோடு வந்தது.

உள்ளே சத்தம் நின்றது. அவள் கூப்பிடவில்லை. மூச்சும் கேட்கவில்லை. தூறல் மட்டும்.

"ரேவதி?"

இருட்டிலிருந்து கால்கள் வந்தன. இடுப்பு உயரத்தில், ஆடாமல், மட்டமாக. மஞ்சள் பூசிய பாதங்கள். மெட்டி போட்டிருந்தது, அவன் போட்ட மெட்டி. இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணிக் கிழிசலால் கட்டியிருந்தது. பெருமாள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார், சாவு வீட்டில் செய்வது மாதிரி. தான் அதைச் செய்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

கணுக்கால் வந்தது. பச்சைப் புடவையின் ஓரம் வந்தது. உள்ளே இருந்தவர்கள் அவசரமில்லாமல் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த வழியாக முழுக்க வந்துவிட்டால் அவள் போனவள்தான் என்று, முனிவேல் அவளை உள்ளேயே தள்ளிவிடப் பார்த்தான். சுவரில் காலை உதைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினான். அவன் ஒருத்தன், அந்தப் பக்கம் எத்தனை பேரோ. முழங்கால் வந்துவிட்டது. பாரம் முழுக்க அவன் கைக்கு வந்துவிட்டது. ஏந்திக்கொண்டான். வேறென்ன செய்வான்? அவளைக் கீழே போட்டுவிட முடியுமா?